நாய்க்குட்டி வருமுன்

வீட்டிற்கு நாய்க்குட்டி வரப்போகிறது என்றால் பலரும் முதலில் கடைக்கு ஓடுகின்றனர். டில்லிக் கடைகளில் இன்று அதற்கென மெத்தை, உடுப்பு, மணக்கும் சோப்பு, ரப்பர் எலும்பு யாவும் கிடைக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வாங்குவோரின் மனநிறைவுக்கே பயன்படுவன என்பது என் எண்ணம். குட்டிக்கு வேண்டியவற்றுள் பாதி நம் வீட்டிலேயே இருக்கின்றன. அதற்கு ஆகாதவையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

எங்கள் குடியிருப்பில் தெருநாய் ஒன்று ஈன்ற குட்டிகளுள் ஒன்றை வளர்ப்பதென முடிவு செய்தோம். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. எவ்வளவு கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதை அது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்றுக்கொள்வது அந்நாட்களில்தான். ஆகவே வீட்டைச் சீர்செய்ய எங்களுக்கு மூன்று வாரம் கிடைத்தது.

முதற்கண் தரையளவு குனிந்து வீட்டைச் சுற்றி வந்தோம். பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூரம், பீரோவினடியில் அந்துருண்டை. இரண்டும் நாய்க்கு நஞ்சு. சன்னலோரத்து மணிபிளான்ட் இலையை மென்றால் வாய் எரியும். குளிர்காலத்து ஹீட்டரின் மின்கம்பியோ இன்னும் பெரிய அபாயம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவத்தில் குட்டி எதையும் கடித்துப் பார்க்கும். சமையலறையில் வெங்காயமும் உலர்திராட்சையும் சாக்லெட்டும் மேல்தட்டிற்கு ஏறின. "வெங்காய சாம்பார் கூடவா ஆகாது?" என்று என் தாயார் வியந்தார். ஆகாது.

தயிர்ச்சோறு போட்டே வளர்த்துவிடலாம் என்பது நம்மவர் பலரது நம்பிக்கை. வளரும் குட்டிக்கு அது போதாது; புரதம் வேண்டும். எங்கள் சமையலறையில் முட்டை நுழைந்தது அதன் பொருட்டே. அதற்கெனத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் பால்கனியில் அமைந்தன. எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவிட வேண்டும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம் வைத்தால் அது மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். தஞ்சையிலிருந்து வந்து பரணில் கிடந்த, பிடி உடைந்த கல்சட்டி ஒன்றைத் தாயார் எடுத்துக் கொடுத்தார். அது அசையாது. அட்டைப்பெட்டியில் சாக்கும் அதன்மேல் பழைய நூல்புடவையும் படுக்கையாயின. தரையில் விரிக்கச் செய்தித்தாள்களைச் சேர்த்தோம். பினாயில் தெளித்த தரையில் நடந்துவிட்டுக் குட்டி காலை நக்குமாதலால், வெந்நீரும் சிறிது சோப்புமே இனித் தரை துடைக்க. கடையில் வாங்கியது கழுத்துப்பட்டை ஒன்றே. கழுத்துக்கும் அதற்குமிடையே இரு விரல் நுழைய வேண்டும்.

கால்நடை மருத்துவரையும் முன்கூட்டியே கண்டு வந்தோம். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசி. அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடிக்குரிய ஊசி. அவை முடியும்வரை பிற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியை நடக்கவிடலாகாது. பார்வோ என்னும் நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மாநகராட்சியில் பதிவு செய்வதும் கடமை.

இவ்வளவும் எளிது. எளிதல்லாத ஒன்றைத் தாயார்தான் கேட்டார்: "மே மாசம் நாமெல்லாம் ஊருக்குப் போயிடுவோமே, இது எங்கடா இருக்கும்?"

வெளியூரில் வாழும் நம் போன்றோர் வீடுகளுக்கு இதுவே முதற்கேள்வி. டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நமக்கென ஒதுக்கிக்கொண்டாலன்றி நாயை உடன் வைத்துக்கொள்ள இயலாது. இல்லையேல் கார்டு பெட்டியின் கூண்டில், கோடை வெயிலில், அது தனியே கிடக்க வேண்டும்.

மாற்றல் உத்தரவு வந்த குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபின், பூட்டிய கதவின்முன் நாய் படுத்திருப்பதை நான் மூன்று முறை கண்டதுண்டு. அவற்றுள் ஒன்று தமிழ் வீட்டு நாய். "வா" என்றால் எழுந்து வரும். "ஆவோ" என்றால் திரும்பியும் பாராது. அவ்வாறு கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் பிறக்கக் காரணமாயிருந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல்; மாநிலங்களவையில் 1953இல் அதற்கான தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தவர். எனினும் பூட்டிய கதவின்முன் படுத்திருக்கும் நாய் எந்த நீதிமன்றத்திற்குப் போகும்?

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் தாயாரே பேசினார். தாயாரின் இந்தி காய்கறிக்காரரோடு பேசப் போதுமானது. அதுவே இதற்கும் போதுமாயிற்று. மே, ஜூன் மாதங்களில் குட்டி அவர் வீட்டில். அவர் அமிர்தசரஸ் செல்லும்போது அவருடைய பூந்தொட்டிகள் எங்கள் பொறுப்பில். குட்டி வந்த நாள் முதல் தினமும் ஒரு மணி நேரம் அங்கே இருந்து பழகும். உணவளவும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில் எழுதி அவர் வீட்டுக் குளிர்பெட்டியின்மேல் ஒட்டப்பட்டுள்ளன.

இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டு நாய் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்ப ஆறு ஆண்டுகளே உள்ளன. அன்றைய முதல் வகுப்பு அறைக்காக அஞ்சலகத்தில் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு வருகிறோம். பாஸ்புத்தகம் தாயாரிடம் இருக்கிறது. அதன் அட்டையில் "நாய் டிக்கெட்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.