அப்பா மேல தப்பில்லைங்க!

சிகரெட்டைத் தொட்டதே இல்லாத மனுஷனுக்கு நுரையீரல் கேன்சர். 'எப்படி?'னு நீங்க இப்ப கேட்கிற மாதிரிதான் எங்க மயிலாப்பூர் தெருவே கேட்டுச்சு. அந்த மனுஷன் என் அப்பா.

நாலு கீமோ முடிஞ்சதும் ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. கற்பகாம்பாளுக்கு அம்மா அர்ச்சனையே பண்ணிட்டாங்க. ஆறே மாசம்... கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர், 'உடம்புக்கு மருந்து பழகிடுச்சு. ஒழுங்கா சாப்பிட்டிருக்கணும்'னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி அப்பா மெதுவா கேட்டார்... 'நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனாடா?'

மறுநாள் இதை டாக்டர்கிட்ட கேட்டேன். 'உங்க வீட்டுல கொசு உண்டா தம்பி?' என்றார். சென்னைக்காரன்கிட்ட கேட்கிற கேள்வியா இது!

மேட்டர் இதுதான். மருந்தடிச்சா பெரும்பாலான கொசு செத்துடும். தப்பிச்ச ஒண்ணு ரெண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்தப் பரம்பரைக்கு அந்த மருந்து உறைக்காது. ஆக, பழகினது அப்பா உடம்பு இல்லை, கட்டிதான் மாறிப்போச்சு!

கட்டியில் இருக்கிற கோடிக்கணக்கான செல்களும் ஒரே அச்சு இல்லை. சிஸ்பிளாட்டின் மாதிரியான மருந்து, செல்லோட டி.என்.ஏ.வில் ஒட்டிக்கிட்டு அதைப் பெருக விடாம கொல்லும். ஆனா, சில செல்கள் மருந்தை வெளியே பம்ப் பண்ணிடும். சிலது குளூட்டாதயோனை வெச்சு அதை முறிச்சுடும். சிலது அடிபட்ட டி.என்.ஏ.வை ரிப்பேர் பண்ணிக்கும். திரும்ப வளர்றது இந்த கில்லாடிகள்தான்.

கீமோ மட்டுமில்லை, மாத்திரைக்கும் இதே கதை. சிகரெட் பிடிக்காத ஆசியர்களிடம் அதிகம் காணப்படுற இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்துக்கு ஜெஃபிடினிப் மாத்திரை வந்தது. அதை ஏமாத்துற டி790எம் என்ற மாற்றத்தை 2005-ல் கண்டுபிடிச்சாங்க. அதையும் அடக்குற ஒசிமெர்டினிப்புக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுக்கும் சில செல்கள் டிமிக்கி கொடுக்குது. அதனால, கட்டி திரும்ப வளர்ந்தா, 'மறுபடி பயாப்ஸியோ, ரத்தத்தில் மரபணு டெஸ்ட்டோ தேவையா டாக்டர்?'னு கேளுங்க. வேற மருந்துக்கு வழி கிடைக்கலாம்.

தங்கையை கேன்சருக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-லேயே அடையாறில் கேன்சர் மருத்துவமனையைத் தொடங்கிட்டார். நம்ம வீடுகளில் மட்டும் நோயாளி மேல பழி போடுறது இன்னும் நின்னபாடில்லை.

அப்பாகிட்ட கொசுக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், 'அப்ப என் மேல தப்பில்லைங்கிறே?' என்றார். 'இல்லவே இல்லைப்பா!' அன்னிக்கு ரெண்டு இட்லி கூடுதலா சாப்பிட்டார். இப்ப வேற மருந்து ஆரம்பிச்சிருக்கோம்.

கேன்சர் வந்தவங்களைப் பார்க்கப் போறீங்களா? ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க. 'என்ன தப்பு பண்ணீங்க?'னு மட்டும் கேட்காதீங்க, ப்ளீஸ்!