ஆளுக்கு ஒரு வேகம்

"அவருக்கும் இதே மாத்திரைதான், எனக்கும் இதேதான். எனக்கு மட்டும் ஏன் பாதம் எரியுது?" காசநோய்ப் பிரிவில் மருந்து கொடுத்துவந்த காலத்தில் பலர் இப்படிக் கேட்டதுண்டு. அவர்களில் ஒரு நெசவாளியை மறக்க முடியவில்லை. தறியில் உட்கார்ந்தால் மிதிபலகை காலில் தட்டுப்படுவதே தெரியவில்லை என்றார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

எங்கள் தலைமை மருந்தாளுநர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை. "உள்ளே போற மருந்தை உடம்பு விருந்தாளி மாதிரிதான் பாக்கும், ஐயா. வேலை முடிஞ்சா அனுப்பி வெச்சிடும். உங்க ஈரல் கொஞ்சம் நிதானமா அனுப்புது, அவ்வளவுதான். மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

அந்த மருந்து ஐசோனியசிட். ஈரலில் உள்ள ஒரு நொதி அதை உருமாற்றிச் செயலிழக்க வைக்கிறது. பிறகு சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிலருக்கு இரத்தத்தில் அதன் அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். சிலருக்கு இரண்டு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இது பிறவியிலேயே அமைவது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நம் பக்கத்து நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நிதானக்காரர்கள் என்று தெரிந்தது. அதைக் குறையென்று சொல்லவே மாட்டேன். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த சிகிச்சையில் பலன் குறைவாகக் கிடைத்தது வேகக்காரர்களுக்குத்தான். நிதானக்காரர்களுக்கு நரம்பு எரிச்சல் வரலாம்; அதற்கு பி6 வைட்டமின் இருக்கிறது. நெசவாளிக்கும் மருத்துவர் அதைத்தான் எழுதிக்கொடுத்தார். சிகிச்சையை முழுசாக முடித்தார்.

வயதும் இந்த வேகத்தை மாற்றுகிறது. டயஸெபாம் என்ற மாத்திரை இருபது வயதுக்காரரின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும். எண்பதை நெருங்கியவருக்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். சிறுநீரகமும் தளர்ந்துவிடுகிறது. எனக்கும் வயதாகிவிட்டது; இப்போது என் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைக்கும்போது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. என் உடம்பைப் பார்த்துத்தானே எழுதுகிறார்.

எங்கள் தெருவில் முதியவர்கள் மாத்திரையைக் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்தால்தான் மனசு பதறுகிறது. மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கடையில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, லேகியம், சூரணம் எதையும் விடாதீர்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும்.