மூன்று கையொப்பங்கள்

எங்கள் லால்குடி இல்லத்தைக் கட்டி முடிக்க என் தந்தையாருக்குப் பதினொரு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதை விற்பதற்கு எங்களுக்குக் கிடைத்த அவகாசமோ இருபத்திரண்டு நாட்கள்தாம். வாங்க முன்வந்தவர் அதே வீதியில் நெல் வணிகம் செய்பவர். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதியமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு மஸ்கட்டிலிருந்து மூன்று வார விடுப்புதான் கிடைத்தது. ஆகவே ஆனி முடிவதற்குள் எல்லாம் நடந்தேறியாக வேண்டும்.

அப்பா பொன்மலை இரயில்வே பணிமனைத் தொழிலாளி. விடியலில் இரயிலேறி, வாளாடி, ஸ்ரீரங்கம் தாண்டிப் பணிக்குப் போவார். இருட்டிய பின்னர்தான் திரும்புவார். 1971-இல் முன்கூடத்தை எழுப்பினார். கையில் பணம் சேரும்போதெல்லாம் ஓர் அறை, ஒரு தாழ்வாரம் என்று வளர்ந்த வீடு அது. பின்கட்டு முடிந்தது 1982-இல். எனவே தளம் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சமையலறை வாசலில் கட்டாயம் ஒருமுறை தடுக்கிக்கொள்வார்கள்.

விற்பதற்கு முன் வெள்ளையடிக்க வேண்டும், கதவுகளுக்கு வண்ணம் பூச வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. இந்தக் காலத்தில் நம் சிற்றூர்களில் பழைய ஓட்டு வீட்டை யாரும் வீட்டுக்காக வாங்குவதில்லை, மனைக்காகவே வாங்குகிறார்கள். இடிக்கப்போகும் சுவருக்கு எதற்குச் சுண்ணாம்பு? வீட்டை ஒழித்துக் கொடுப்பதும் தாள்களை ஒழுங்கு செய்வதுமே உண்மையான வேலைகள். ஒழிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தவள் என் தங்கை. கணவரை இழந்து, திருச்சி பாலக்கரையில் வாடகை வீட்டில் வாழ்கிறவள். நாள்தோறும் காலையில் பேருந்தேறி வந்து, பரண்மேல் ஏறி, ஐம்பது ஆண்டுத் தூசியைத் தலையில் சுமந்து இறங்கினாள்.

அண்டா, தவலை, குத்துவிளக்கு, செம்புக்குடம் என்று பரணிலிருந்து இறங்கியவற்றையெல்லாம் எடைக்கு எடுத்துக்கொள்ளப் பாத்திரக்காரர் வந்தார். குவியலோடு குவியலாக அம்மாவின் பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தையும் தராசில் வைத்துவிட்டார். தங்கை ஒன்றும் பேசாமல் அதை எடுத்து முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டாள். மந்திரிக்கப்பட்ட பொருட்கள் தனியார் கையில் இருந்தாலும் அவற்றை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உடைந்த சுரூபங்களைக் கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தோம். திரு இருதயப் படத்தின் பின்னால் ஆண்டுக்கொன்றாய்ச் செருகியிருந்த குருத்தோலைகள் ஒரு கட்டு தேறின. அவற்றைப் பங்குக் கோவிலில் கொடுத்தோம். அடுத்த சாம்பல் புதனுக்கு உதவும்.

இனி தாள்கள். மூலப்பத்திரம் அம்மாவின் தகரப்பெட்டியில் எங்கள் ஞானஸ்நானச் சான்றுகளோடு பத்திரமாக இருந்தது. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்தது. வீட்டு வரி ரசீதுகளில் பழையவை பேரூராட்சி என்ற பெயரில் இருந்தன. 2021-இல் ஊர் நகராட்சியானபின் வந்தவை வேறு. அப்பாவும் அம்மாவும் உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழை மட்டும் தம்பி முன்னரே வாங்கி வைத்திருந்தான். அதில் மூவர் பெயரும் இருந்தன. எங்கள் தொல்லை தொடங்கியது அங்கேதான்.

“டீச்சரம்மா, நீங்களும் தங்கச்சியம்மாவும் தம்பி பேருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடுங்க. அப்புறம் அவர் ஒருத்தர் கையெழுத்தே போதும், வேலை சுலபமாயிடும்” என்றார் தரகர். “எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பெண்களுக்குச் சட்டப்படி பங்கே கிடையாதே” என்றும் சேர்த்துக்கொண்டார். நான் மணமுடித்தது 1983-இல், தங்கை 1988-இல். தம்பி தலையசைத்தான். அவனுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

இந்த 1989 கணக்கு நம் மக்களிடையே எப்படி நுழைந்ததோ தெரியவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வந்த திருத்தம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த அது, அதற்குமுன் திருமணமானவர்களை விலக்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்துக்குப் பின் அவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்கு உரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது பிள்ளைகளுக்குச் சரிசமம். அதில் மகன், மகள் என்ற வேற்றுமை இல்லை. மணமானவள், ஆகாதவள் என்ற வேற்றுமையும் இல்லை. திருவிதாங்கூர்ப் பகுதியில் வேறொரு பழைய சட்டத்தைக் காட்டி மகள்களுக்குச் சொற்பமே கொடுத்துவந்தார்கள். மேரி ராய் என்னும் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை சென்று 1986-இல் அதை முறியடித்தார். நம் பக்கத்திலோ வழக்காட வேண்டிய தேவையே இருந்ததில்லை. எழுத்தில் இருந்தது; வீட்டில்தான் இல்லை.

எங்கள் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அப்பா இறந்தபோது ஒன்பதில் மூன்று அம்மாவுக்கு. எங்கள் மூவருக்கும் ஒன்பதில் இரண்டிரண்டு. அம்மாவுக்குப் பின் அவருடைய மூன்றும் ஆளுக்கொன்றாகப் பிரிகிறது. ஆக, ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று.

“சின்னக்காவுக்குத்தான் அப்பா நகை போட்டுச் சீர் செய்தாரே, பெரியக்கா?” என்றான் தம்பி. குரலில் பேராசை இல்லை, வியப்புதான் இருந்தது. “அவன் கேட்டால் கொடுத்துவிடலாம் அக்கா, ஒரே தம்பி” என்றாள் அவளும். மாத வாடகைக்கே திண்டாடுகிறவள் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை அதே தகரப்பெட்டியிலிருந்து அப்பாவின் கணக்குப் புத்தகம் அகப்பட்டது. 1979 முதல் மாதந்தோறும் ஒரு வரி: ‘சின்னவள் அனுப்பியது’. வடநாட்டு மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணியாற்றிய காலத்தில் தங்கை அனுப்பிய பணவிடைகள் அவை. எதிர்ப்பக்கத்தில் செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி. பின்கட்டு எழுந்த கதை முழுவதும் அந்த இரு பக்கங்களில் இருந்தது. தம்பி நெடுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு, “அப்படியானால் சின்னக்காவுக்குக் கொடுப்பதுதான் நியாயம்” என்றான்.

நான் அதையும் ஏற்கவில்லை. அவள் ஒரு ரூபாய்கூட அனுப்பாதிருந்தாலும் அந்தப் பங்கு அவளுடையதே. உழைத்ததற்குக் கூலியாகவோ, விதவை என்ற இரக்கத்தாலோ கொடுப்பதானால் நாளை யாரேனும் அதைக் குறைத்தும் பேசலாம். மகள் என்பதால் வருவதை எவரும் குறைக்க முடியாது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். தம்பி இரண்டு நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் கடைவீதிக்குப் போய்விடுவான்.

முடிச்சை அவிழ்த்தவர் ஆவண எழுத்தர். வாரிசுச் சான்றிதழைப் பார்த்த அவர், மூவரும் நேரில் வந்து கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடுவதே வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு என்றார். நெல் வணிகரும் அதையே விரும்பினார். முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு செலுத்துகிறவர் அவரல்லவா! பின்னாளில் வழக்கு வரக்கூடாதென்று அவர் எண்ணியதில் தவறென்ன?

ஆனி கடைசி வாரம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. எங்கள் முறை வரப் பிற்பகலாயிற்று. புகைப்படம், விரல் ரேகை, கையொப்பம். முதலில் நான், அடுத்துத் தங்கை, பிறகு தம்பி. வங்கி வரைவோலைகள் மூன்று, ஒரே தொகைக்கு. தங்கை தன்னுடையதைப் படித்துப் பார்க்காமலே மடித்துக் கைப்பையில் வைத்தாள். தம்பிதான் அதை வாங்கிப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

அங்கேயே சாவிக் கொத்தையும் ஒப்படைத்தோம். இடிக்கப்போகிற வீட்டுக்குச் சாவி எதற்கு என்று தரகர் சிரித்தார். தங்கையோ முந்தின இரவே ஒவ்வொரு சாவியிலும் ஒரு சிறு அட்டையை நூலால் கட்டியிருந்தாள். பின்கட்டுச் சாவியின் அட்டையில், “கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பூட்டவும்” என்று எழுதியிருந்தது.