மூன்றாவது பாடம்

மருத்துவராக விரும்பும் மாணவர் எந்தெந்த அறிவியல் பாடங்களை எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பது எளிய வினாவன்று. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரியில் சேர்வர். ஆதலின், பொது வேதியியல், அதன்மேல் கரிம வேதியியல், அதற்கும் மேல் உயிர்வேதியியல் எனப் பட்டப்படிப்புக்குள்ளேயே அடுக்கிக்கொள்ள வேண்டும். அடியில் ஒன்று நழுவினால் மேலே ஓராண்டு நழுவும். சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி 2007ஆம் ஆண்டு முதல் இவ்வாறு பட்டதாரிகளைச் சேர்த்து வருகிறது. ஏனைய இரண்டிலும், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், தொடக்கக் கல்லூரியிலிருந்து நேரே சேரலாம். ஆகவே இங்கே அந்த வினா பதினாறு, பதினேழு வயதிலேயே வந்து நிற்கிறது. வேதியியல் எச்2 நிலையில் வேண்டும். உயிரியலோ இயற்பியலோ அதே நிலையில் உடன் வேண்டும். மூன்றாவது எச்2 பாடம் இன்னதுதான் என்று கட்டளை ஏதும் இல்லை.

அந்த மூன்றாவது பாடத்தின் பொருட்டே எங்கள் வீட்டில் இரண்டு வாரம் வழக்கு நடந்தது.

என் மகள் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பக்கத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் என்று எழுதினாள். கணிதத்தை எச்1 நிலைக்கு இறக்கினாள். என் தமையனார் கணக்காயர். அவருக்கு இது பொறுக்கவில்லை. “மருத்துவத்தில் இடம் கிடைக்காவிட்டால் என்னம்மா செய்வாய்? பொறியியலுக்குப் போனால் கணிதம் கேட்பார்களே! தமிழை வீட்டில் படித்துக்கொள்ளலாம்” என்றார். “வீட்டில் யார் பெரியப்பா கற்றுக்கொடுப்பார்கள்?” என்றாள் அவள். தமையனார் கூற்றில் நியாயம் உண்டு. மருத்துவத்துக்கு விண்ணப்பிப்போர் பலர். இடம் பெறுவோர் சிலர். கணிதத்தைச் சுருக்கிக்கொண்டால் வேறு சில வாயில்கள் அடைபடும் என்பது மெய்யே.

எனினும் நான் மகளின் பக்கமே நின்றேன். அதற்குக் காரணம் துவாஸ்.

தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் ஓர் உலோகப் பட்டறையில் நான் மேற்பார்வையாளன். 2017 ஜூனில் பெருவிரைவு ரயில் துவாஸ் லிங்க் வரை நீளுமுன், பூன் லேயிலும் பின்னர் ஜூ கூனிலும் இறங்கிப் பேருந்துக்குக் காத்துநின்ற காலமும் எனக்கு உண்டு. பட்டறையில் புதுக்கோட்டைத் தமிழும் சிவகங்கைத் தமிழும் நாள்முழுதும் ஒலிக்கும். உடல்நலம் குன்றியவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வதும் என் பணிகளுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், “நெஞ்சைக் கரிக்குது அண்ணே” என்று வந்தார். மருந்தகத்திலிருந்த மருத்துவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ‘நெஞ்சு’ அவருக்கு விளங்கிற்று, ‘கரிக்குது’ விளங்கவில்லை. உடனே ஈசிஜி எடுத்தார். அதில் பிழை ஏதுமில்லை. நெஞ்சு என்று சொல்பவரிடம் முதலில் இதயத்தை ஐயுறுவதே முறை. பதிவில் குறை காணப்படவில்லை. உண்டபின் புளித்த ஏப்பத்தோடு மேலேறும் எரிச்சலைத்தான் அவர் சொல்கிறார் என்று நான் விளக்கினேன். “உப்புக் கரிக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும்” என்ற அம்மருத்துவர், அச்சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வலியைச் சொல்லத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு. வயிற்றைப் பிசைதல், விண்விண் என்று தெறித்தல். இவை அணிக்காகச் சேர்த்த சொற்கள் அல்ல. தெறிக்கிறது என்றால் சீழ் கோத்திருக்கக்கூடும். மூச்சிழுக்கும்போது சுருக்கென்று குத்துகிறது என்றால் நுரையீரலையும் நோக்க வேண்டும். 2020இல் தங்கும் விடுதிகளில் கோவிட் பரவியபோது, தமிழும் வங்காளமும் அறிந்த தொண்டர்களை மருத்துவக் குழுக்கள் நாட நேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இதனால் மருத்துவத்தையே தமிழில் கற்பிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவ்வாறு கற்பித்தவரும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் வழியே மருத்துவர்களைப் பயிற்றினார். அம்முயற்சியில் பிறந்த மனுஷ அங்காதிபாதம் 1872இலும், வேதியியல் நூலாகிய கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. தம் மாணவர் எம்மொழி பேசும் நோயாளியிடம் செல்வார் என்பதை அவர் எண்ணிப் பார்த்தவர். அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வாகிய எம்கேட்டிலும் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் இடம்பெற்றுள்ளன. இச்செய்தியைத் தேடிப்பிடித்துப் பெரியப்பாவின்முன் வைத்தவள் மகள்தான். “அதில் தமிழ் இல்லையே” என்றார் அவர், அதுவும் சரிதான்.

முடிவில் அவள் எழுதியபடியே படிவம் சென்றது. எச்2 நிலையில் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் தொடக்கக் கல்லூரிகள் சிலவே. ஆகவே நெடுந்தொலைவு பயணம், விடியுமுன் எழல். தமையனார் இன்றும் வரும்போதெல்லாம் கணித மதிப்பெண்ணையே முதலில் கேட்கிறார். அவளோ ஒரு குறிப்பேட்டில் வலிச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, எப்படி வரும் என்று என் வாயிலாகப் பட்டறைத் தோழர்களிடம் கேட்டு நிரப்பி வருகிறாள். கடுப்புக்கு நால்வர் நான்கு விளக்கம் தந்தனர். உளைச்சலுக்கு எதிரே இன்னும் இடம் காலியாக உள்ளது.