மண்சுவர் காத்த நகரம்

டோக்கியோ மாநகரின் பழைய பெயர் எடோ. ஆனால் எடோ எப்படியிருந்தது என்று காண விரும்புகிறவர்கள் டோக்கியோவில் தேடி அதிகப் பயனில்லை. 1923ஆம் வருஷத்துப் பூகம்பமும் 1945ஆம் வருஷத்துக் குண்டுமாரியும் அதைப் பெரும்பாலும் துடைத்துவிட்டன. இக்கேபுக்குரோ நிலையத்தில் ரயிலேறி, அரைமணி நேரம் வடமேற்கே பிரயாணம் செய்தால் கவாகோயே என்ற நகரம் வரும். தலைநகரில் தொலைந்த எடோ அங்கே இருக்கிறது.

சரித்திரம் போதிப்பது என் தொழில். "சரித்திரத்தை நடத்துகிறவர்கள் யார்?" என்று வகுப்பில் கேட்டால், "அரசர்களும் சேனாதிபதிகளும்" என்றே மாணாக்கர்கள் விடையளிப்பார்கள். அதற்கு மறுமொழியாக நான் சொல்வது கவாகோயேயின் கதைதான். சில வருஷங்களுக்கு முன் அவ்வூரில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் பாக்கியமும் எனக்குக் கிட்டியது.

எடோவின் கோட்டையும் கவாகோயேயின் கோட்டையும் 1457ஆம் வருஷத்தில் பிறந்தவை. எனவே இரண்டு ஊர்களையும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். 1638இல் கவாகோயேயின் கிதா-இன் ஆலயம் தீக்கிரையாயிற்று. அப்போது ஷோகன் பதவியிலிருந்த இயெமிட்ஸு, எடோ கோட்டையிலிருந்து சில அரண்மனை அறைகளையே பெயர்த்து அனுப்பி வைத்தார். பின்னால் எடோ அரண்மனைகள் தீயில் அழிந்தன. தானமாக வந்த அறைகளோ இன்றும் நிற்கின்றன. கொடுத்ததுதான் மிஞ்சியது!

ஆனால் நான் பெரிதும் வியப்பது வேறொன்றை. 1893ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் மூண்ட பெருந்தீயில் ஊரில் மூன்றிலொரு பங்கு, 1,300 வீடுகளுக்கு மேல், சாம்பலாயிற்று. புகை அடங்கியபின் வியாபாரிகள் சுற்றிலும் பார்த்தார்கள். 1792இல் கட்டிய ஓஸாவா வீடும், அதைப் போன்ற சில மண்சுவர்க் கட்டடங்களும் மட்டும் அழியாமல் நின்றன. அவற்றைக் 'குரா' என்பார்கள். கிடங்கு என்று பொருள். மூங்கில் பின்னலின்மேல் களிமண்ணை அப்பி, அது உலர்ந்தபின் மீண்டும் அப்பி, இப்படிப் பல பூச்சுக்களால் சுவரைக் கனமாக்குவார்கள். மேலே சுண்ணாம்புச் சாந்து. ஜன்னல் கதவுகளுங்கூட மண்ணால் கனத்தவை. நெருப்பு வரும்போது அவற்றைச் சாத்தி, இடுக்குகளில் ஈரமண்ணை அடைத்துவிட்டால் உள்ளே பொறி புகாது.

அக்காலத்தில் டோக்கியோவில் மேனாட்டுப் பாணிச் செங்கற் கட்டடங்களுக்கே மதிப்பு. கவாகோயே வணிகர்களோ தம் கண்ணெதிரே பரீட்சையில் தேறி நின்ற பாட்டன் காலத்துச் சுவரையே தேர்ந்தெடுத்தார்கள். பழமை என்பதற்காக அல்ல, நெருப்பைத் தாங்கியது என்பதற்காக! கடைகளையே குராவாகக் கட்டினார்கள். மணி அறிவிக்கும் கோபுரமும் அடுத்த ஆண்டிலேயே மீண்டும் எழுந்தது.

நெருப்பை வென்ற அத்தெருவுக்கு இருபதாம் நூற்றாண்டில் வேறொரு ஆபத்து நேர்ந்தது. வியாபாரம் ரயில் நிலையத்தருகே நகர்ந்தது. பழைய கடைகளின் கரிய முகங்களை விளம்பரப் பலகைகள் மறைத்தன. சில கடைகள் இடிபட்டன. 1983இல் கடைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் கூடிக் 'குரா சங்கம்' ஒன்றை நிறுவினார்கள். தெருவின் அழகைக் கெடுக்காமல் கட்டுவதற்கு விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். மின்கம்பிகள் மண்ணுக்கடியில் சென்றன. 1999இல் அரசாங்கம் அந்தத் தெருவைப் பாதுகாப்புக்குரியதாக அங்கீகரித்தது. ஜனங்கள் முன்னே நடந்தார்கள். சர்க்கார் பின்னே வந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கோபுரத்து மணி ஒலித்தது. தினம் நான்கு தடவை ஒலிப்பது வழக்கம். சுற்றுலா வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கடைக்காரர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே தராசில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிட்டாயை நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் தமது தொழிலைச் செய்துகொண்டிருந்தார். சரித்திரமும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.