வாக்லே வீட்டில் அத்தா

தொலைக்காட்சிப் பெட்டி நம் இல்லங்களுக்குள் நுழையலாமா, கூடாதா என்று ஒரு காலத்தில் நம் மஹல்லாக்களில் நடந்த வாதப் பிரதிவாதங்களை வாசக நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் சங்கரன்கோவிலிலும் அது நடந்தது. என் தாய்மாமா அதற்கு 'சைத்தான் பெட்டி' என்றே பெயர் வைத்திருந்தார். அவர் சொன்னது முழுவதும் தவறு என்று இன்றும் நான் எண்ணவில்லை. ஆயினும், தங்களுக்குள் வாய்விட்டுப் பேசிக்கொள்ள முடியாத ஒன்றை என் பெற்றோர் சில மாதங்கள் அந்தப் பெட்டியின் முன்னால் அமர்ந்துதான் பேசிக்கொண்டார்கள். மிகவும் பிந்தி நான் அறிந்துகொண்ட செய்தி அது.

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1988-இல். மரப்பெட்டிக்குள் அடங்கிய கறுப்பு வெள்ளை டயனோரா. இரு புறமும் இழுத்துச் சாத்தும் கதவும் அதற்குப் பூட்டும் உண்டு. சாவி அம்மாவின் இடுப்பில். பாங்கு ஒலித்தால் கதவு சாத்தப்பட வேண்டும்; வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வரும் நேரத்தில் திறக்கவே கூடாது. மாமாவைச் சமாதானப்படுத்த அத்தா ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் இவை. மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலை இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தோம். காற்று அடித்தால் நான் மாடியேறி அதைப் பிடித்துத் திருப்ப, கீழே என் அக்கா, "வந்துட்டு, வந்துட்டு, விடாதே!" என்று குரல் கொடுப்பாள்.

அக்காலத் தூர்தர்ஷனை நினைவிருக்கிறதா? 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' என்னும் குடும்பத் தொடர், நாடகத்தையும் நடைமுறை வாழ்க்கையையும் ஒன்றாக்கிக் காட்டியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி நம்மிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அதே ஆண்டு வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' முழுக்க முழுக்கச் சிரிப்பு. அதை இயக்கியவர்களுள் ஒருவரான குந்தன் ஷாதான் 1988-இல் 'வாக்லே கீ துனியா'வைக் கொண்டுவந்தார். வாக்லேயின் உலகம் என்று பொருள். அதன் மூலக் கற்பனை கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லட்சுமண் அவர்களுடையது.

லட்சுமண் படைத்த 'சாமானிய மனிதரை' நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாய், 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் மூலையில் பல்லாண்டுகள் நின்றவர். மந்திரி பொய் சொன்னாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவர் வாயே திறக்க மாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தச் சாமானியருக்குப் பேச வாயும், ஒரு வீடும், மனைவி மக்களும் கொடுத்தால் எப்படியிருக்குமோ அதுதான் ஸ்ரீநிவாஸ் வாக்லே. அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் வாக்லேயாகவும், பாரதி ஆச்ரேக்கர் அவர் மனைவி ராதிகாவாகவும் நடித்தார்கள். வில்லன் இல்லை, பழிவாங்குதல் இல்லை, கண்ணீர் ஆறாக ஓடுவதில்லை. ஓர் அலுவலக ஊழியரின் வீட்டில் அன்றாடம் முளைக்கும் சிறு தொல்லை ஒன்று அரை மணி நேரத்துக்குள் முளைத்து, வளர்ந்து, எப்படியோ அடங்கும். அவ்வளவுதான் கதை. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஷாருக் கான்கூட அதில் ஒரு பகுதியில் தலைகாட்டினார். அப்போது அவரை யாருக்குத் தெரியும்?

ஆனால் எல்லாம் ஹிந்தி. எங்கள் தெருவில் ஹிந்தி தெரிந்தவர் என் அத்தா ஒருவரே. இளமையில் ஒன்பது ஆண்டுகள் பம்பாய் தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். பின்னர் ஊர் திரும்பி, நூல் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பார். அம்மா வாங்கி எண்ணாமலே உள்ளே வைப்பார். குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று இவரும் சொல்ல மாட்டார். அவரும் கேட்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதர், வாக்லே வரும் நாளில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எங்கிருந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவார். எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி, அவர் மாமியார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பதினைந்து பேராவது கூடத்தில் கூடுவார்கள். அம்மாவும் அக்காவும் அடுக்களை வாசலில் அமர்ந்துகொள்வார்கள். அத்தா பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து, வாக்லே பேசப் பேசத் தமிழில் சொல்வார்.

"இப்போ அவரு என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?" என்பார் எதிர்வீட்டம்மா.

"மாசக் கடைசியில விருந்தாளி வாராங்களேன்னு சொல்லுதாரு. சீனி டப்பா காலியாம்."

கூடம் சிரிக்கும். எனக்கு அப்போது வயது பதினான்கு. நூல் கடையில் முதலாளி முன்னால் குரல் எழும்பாத என் அத்தா, வாக்லேயின் குரலில் பேசும்போது எத்தனை கம்பீரம்! உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரத்தில்தான் நான் அவரை ரசித்தேன். மற்ற வேளைகளில், மூன்று ரூபாய் கணக்கு உதைக்கிறது என்று இரவெல்லாம் பேரேட்டைப் புரட்டும் அவரைக் கண்டு சலித்துக்கொள்வேன். வாக்லே செய்தால் சிரிப்பு. அத்தா செய்தால் எரிச்சல்.

1989-இல் என் அக்காவுக்கு வரன் வந்தது. நல்ல குடும்பம், தீன்பற்று உள்ளவர்கள் என்று பெயர். பதினொரு பவுனும் பத்தாயிரம் ரூபாய் ரொக்கமும் கைக்கூலியாகக் கேட்டார்கள். சூரத்துன் னிஸாவின் 4-ஆம் வசனம் பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொல்கிறது; நம் ஊர்களில் அந்தக் காலத்தில் கணக்கு எப்படித் தலைகீழாய் நடந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தா ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். எந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டார் என்று அம்மா கேட்கவில்லை.

அதன் பிறகுதான் வாக்லேக்கு நாசிக்கில் ஓர் அண்ணன் மகள் முளைத்தாள்.

தாய் தகப்பன் இல்லாத பெண். அவளுக்குக் கல்யாணம் முடித்து வைப்பது வாக்லேயின் பொறுப்பு என்று அத்தா எங்களுக்குச் சொன்னார். அந்தப் பெண் ஒரு நாளும் திரையில் வரவில்லை. "அந்தப் பிள்ளைய ஒரு வாட்டியாவது காட்ட மாட்டாங்களா அண்ணாச்சி?" என்று எதிர்வீட்டுப் பாட்டி ஏங்குவார். "அது ஊர்ல இருக்கு பாட்டி. இங்க பேச்சு மட்டும்தான்" என்பார் அத்தா. வாக்லே தன் மனைவியிடம் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், அத்தாவின் தமிழில் அது ஆறு வாக்கியமாக நீளும். "ஆபீஸ்ல முன்பணம் கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க." "யார்கிட்டயும் போய்க் கேக்க வாய் வரல." "வாக்குக் கொடுத்துட்டேன், இனி எந்த முகத்தோட மாத்திப் பேச?" என்றெல்லாம் வாக்லே புலம்புவார். கூடத்தில் சிரிப்புக் குறைந்து, 'ச்சு' கொட்டும் ஓசை மிகுந்தது. சிரிப்புத் தொடர் இப்படி மாறிவிட்டதே என்று நான் அலுத்துக்கொண்டேன்.

ஒரு நாள், வாக்லே ஏதோ சொல்லி முடித்ததும் அத்தா தமிழில் தொடர்ந்தார்: "இன்னும் நாலாயிரம் குறையுது. என்ன செய்யன்னே தெரியல."

அடுக்களை வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஊரார் நிறைந்திருக்கும் கூடத்தில் அம்மா குரல் எழுப்பியது அன்றுதான்.

"அந்த ஆளு பெண்சாதி கையில ரெண்டு வளையல் கிடக்கில்ல? அதைக் கேக்க வேண்டியதுதான? கேட்டா அவ மாட்டேம்பாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டம்மா, "அப்படிப் போடுங்க மதினி!" என்றார். அத்தா சிரிக்கவில்லை. அந்தப் பகுதி முடியும் வரை அவர் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. "என்ன அண்ணாச்சி, கதை நின்னுபோச்சா?" என்று கேட்டதற்கு, "சத்தம் சரியாக் கேக்கல" என்றார். பெட்டியோ தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அம்மாவின் கையில் கவரிங் வளையல் இருந்தது. அக்காவின் நிக்காஹ் எங்கள் பள்ளிவாசலில் குறித்த நாளில் நடந்தது. அதற்கடுத்த வாக்லேயின்போது எதிர்வீட்டுப் பாட்டி மறவாமல் கேட்டார். நாசிக் பெண்ணுக்கும் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்துவிட்டதாக அத்தா அறிவித்தார். "நம்மளுக்கு ஒரு நாளு காட்டாமலே முடிச்சிட்டாங்களே" என்று பாட்டிக்கு வருத்தம்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்நாளைய தொடர்களில் நம்மவர்கள் வராமலில்லை. 'நுக்கட்' தொடரில் காதர் பாய் வந்தார். எல்லார்க்கும் பிடித்தவராகவும் இருந்தார். ஆனால் அவர் தெருமுனையில் இருந்தார். ஒரு முஸ்லிம் வீட்டின் அடுக்களை வாசலில் அமர்ந்து, மாசக் கடைசியை எப்படிக் கடத்துவது என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதை நம் அண்டை வீட்டார் திரையில் காண வாய்ப்பு அரிதாகவே இருந்தது. கனடாவில் 2007-இல் 'லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரெய்ரி' என்றும், பிரிட்டனில் 2012-இல் 'சிட்டிசன் கான்' என்றும் முஸ்லிம் குடும்பங்களை வைத்துச் சிரிப்புத் தொடர்கள் வந்தன. இரண்டாவதைப் பற்றி, நம்மைக் கேலி செய்கிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எங்கள் தெருவிலோ, அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, வாக்லே வீட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பதினைந்து பேர் எங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதை நான் எப்போது தெரிந்துகொண்டேன்? ஷார்ஜாவில் பல்லாண்டுகள் இருந்ததில் ஹிந்தி எனக்குப் பழகிவிட்டது. 2021-இல் அதே அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேக்கரும் முதியவர்களாக, வாக்லேயின் மகன் குடும்பத்தோடு, சோனி சப் அலைவரிசையில் மீண்டும் தோன்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த ஆவலில் பழைய பகுதிகளைக் கைப்பேசியில் தேடினேன். கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாசிக் பெண்ணைத் தேடினேன். அவள் எங்கும் இல்லை. அத்தா எங்களுக்குச் சொன்ன அந்த வசனங்களும் இல்லை. வாக்லே அலுவலகம் போகிறார், வருகிறார், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். யாரிடமும் நாலாயிரம் ரூபாய்க்கு அவர் அலையவில்லை.

என் திருமணம் 2000-இல் நடந்தது. பெண் வீட்டார் தாமாகவே பேச்சை எடுத்தபோது, "எங்களுக்கு ஒரு பைசாவும் வேண்டாம், மஹரை நாங்கள் கையில் கொடுத்துக் கூட்டி வருகிறோம்" என்று என்னைக் கேளாமலே அத்தா சொல்லிவிட்டார். என் நண்பர்கள் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. உங்களிடம் மறைப்பானேன், 'தன் மகளுக்குக் கொடுத்தார், எனக்கு வாங்க மாட்டேன் என்கிறாரே' என்று என் மனைவியிடமும் பின்னர் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அத்தா 2006-இல் வஃபாத்தானார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அன்று எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். இப்போது அவர்களுக்குப் பார்வை மங்கல். நினைவு மட்டும் மங்கவில்லை.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றார்கள்.

"எப்படியம்மா? உங்களுக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாதே!"

"ஹிந்தி எதுக்கு? அந்த மனுசன் வாயை மூடுன பொறவும் உங்க அத்தா பேசிக்கிட்டேல்லா இருந்தாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அக்காவுக்கு இது தெரியுமா என்றேன். தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றார்கள். அக்கா இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், மச்சானும் நல்லவர். இதை அவள் படித்தாலும் இனி ஒன்றும் ஆகிவிடாது என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

பிறகு கைப்பேசியில் ஒரு பழைய பகுதியைப் போட்டு, அம்மாவின் முகத்துக்கு அருகே பிடித்தேன். வாக்லேயும் ராதிகாவும் பேசிக்கொண்டார்கள். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"போதும், அணைச்சிரு" என்றார்கள். "உங்க அத்தா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."