நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

டஸ்டர் ஏ.டபிள்யூ.டி.யில் கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். மூன்று நிலைகள்: டூ வீல், ஆட்டோ, லாக். வண்டியை முதன்முதலில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து அதைப் படித்துவிட்டு, "திண்டுக்கல்காரனுக்கு லாக் இல்லாத வண்டி எதுக்குப்பா, சரியாத்தான் வாங்கியிருக்க" என்றார். பூட்டு ஊர்க்காரர் என்கிற முறையில் அவருக்கு அந்த ஜோக்கைச் சொல்லும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு வண்டியில் ஏறிய பாதிப் பேர் அதே ஜோக்கைச் சொன்னார்கள். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான். "லிட்டருக்கு எத்தனை குடுக்குது?"

2012இல் ரெனோ இந்தியாவில் டஸ்டரை இறக்கியது. ருமேனியாவின் டாசியா கம்பெனி போட்ட வண்டி அது. நம்மூருக்கு ரெனோ பெயரில், ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் வந்தது 2014இன் பிற்பகுதியில். 1.5 லிட்டர் டீசல், 110 குதிரைத் திறன், ஆறு கியர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசலையே கைவிட்டது. டீசலோடு ஏ.டபிள்யூ.டி.யும் போனது. 2022இல் அந்த டஸ்டரே நின்றது. ஆக, நான் வைத்திருப்பது ஐந்தரை வருஷம் மட்டும் விற்ற ஒரு பொருள். 2015 மாடல், செகண்ட் ஹேண்டில் 2017இல் எடுத்தது.

ஏன் அதிகம் விற்கவில்லை என்பது புரியாத விஷயமில்லை. நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டிக்கு நம் நாட்டில் வரி குறைவு. டஸ்டரின் நீளம் 4.3 மீட்டர். அதற்கு மேல் பின் சக்கரத்துக்கும் ஒரு ஷாஃப்ட், ஒரு டிஃபரென்ஷியல் என்று சேர்த்து விலை ஏற்றினால், வாங்குகிறவர் கணக்குப் போடுகிறார். அதே காசுக்கு சன்ரூஃப் வருமா, ஆட்டோமேட்டிக் வருமா? வருஷத்துக்குப் பத்து நிமிஷம் தேவைப்படும் ஒன்றுக்கு மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டுவது புத்திசாலித்தனமாகத் தெரியாது. அந்தப் பத்து நிமிஷம் எங்கே வரும் என்று தெரிந்தவர்கள்தான் வாங்கினார்கள். இல்லாவிட்டால் என்னை மாதிரி ஸ்பெக் ஷீட்டை ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து படிக்கிறவர்கள்.

இந்த வட்டாரத்தில் இதே வண்டி வைத்திருந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர், மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் தோப்புக்குள் போகும்போது லாக்கில் போடுவார். வேடசந்தூரில் நூற்பாலை நடத்தும் குடும்பத்துப் பையன் ஐந்து வருஷத்தில் இரண்டே தடவை திருகியதாகச் சொன்னான். ஒரு தடவை குடகனாற்று மணலில். இன்னொரு தடவை காதலியிடம் காட்டுவதற்கு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டார். டிக்கி பத்தவில்லையாம். அவர் சொன்னது உண்மைதான். சாதாரண டஸ்டரில் டிக்கி 475 லிட்டர். இதில் ஸ்டெப்னி டிக்கிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வதால் 410 லிட்டர்தான்.

மூன்று பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு, அது திருகைப் பற்றியதில்லை. சாதாரண டஸ்டரில் பின்பக்க இரண்டு சக்கரமும் ஒரே பீமில் இணைந்திருக்கும். பின் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க வேண்டும் என்பதால் ஏ.டபிள்யூ.டி.யில் அந்த பீமை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்தார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது கவலைப்படாது. பஞ்சாயத்து ரோடு, ஊருக்கு ஊர் தாரைக் குவித்துவைத்த வேகத்தடை, குழாய் பதிக்கத் தோண்டி மூடாத குறுக்குப் பள்ளம் எல்லாவற்றிலும் வண்டி வள்ளம் மாதிரி போகும். மலைக்காகப் போட்ட ஏற்பாடு சமவெளியில்தான் தினமும் வேலை செய்கிறது. என் அம்மாவுக்கு இடுப்பு வலி. அவருக்கு இந்த வண்டியில் பிடித்தது பின் சீட் மட்டும்தான்.

என் பத்து நிமிஷம் இருப்பது தாண்டிக்குடி பக்கம். அப்பாவின் அக்கா அங்கே இருக்கிறார். மாமா போனதிலிருந்து தனியாக. நாலு ஏக்கர் காப்பி, அதில் மிளகுக்கொடி, கொஞ்சம் மலைவாழை. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகப் போக வேண்டும். சித்தரேவு தாண்டியதும் ரோடு மேலே திரும்பும். அங்கிருந்து ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம். மெயின் ரோட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, அதில் கடைசி முந்நூறு அடி செங்குத்து.

அந்த முந்நூறு அடியில்தான் எனக்கு இயற்பியல் புரிந்தது. நம்மூர் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை. செங்குத்தாக ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன் சக்கரம் லேசாகிவிடும். ஈரமண்ணில் அது சுற்றிக்கொண்டே நிற்கும், சேறு கண்ணாடி வரை தெறிக்கும். அப்பாவின் பழைய கார் எப்போதும் அங்கேதான் நிற்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். டஸ்டரில் பின்னச்சுக்கு முன்னால் ஒரு மின்காந்தக் கப்ளிங் இருக்கிறது, நிசானிடமிருந்து வந்த ஏற்பாடு. லாக்கில் போட்டால் எடை எங்கே போகிறதோ அங்கேயும் இழுவை போகும். முதல் கியர் வேண்டுமென்றே சின்னதாக வைக்கப்பட்டது. இன்ஜின் ஆயிரம் சுற்று சுற்றினால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். முதல்முறை ஏறியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. மேலே போனதும், "அக்காவுக்கு இனிமே கவலை இல்லை" என்றார்.

அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் வளர்ந்தது. அத்தைக்கு அப்போது எழுபத்தொன்று. "தனியா விட்டு வச்சிருக்கீங்களே" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "அதான் வண்டி இருக்குல்ல, ரெண்டு மணி நேரத்துல போயிருவோம்" என்பார் அப்பா. சித்தப்பாவும் அதையே சொல்வார். பெங்களூரில் இருக்கும் அத்தை மகளும் போனில் அதையே சொல்வாள். என் வண்டி ஒரு குடும்பத்தின் பதில் ஆகிவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, அன்றைக்கே திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் புயல் என்றால் எங்களுக்கு டி.வி.யில் பார்க்கிற சமாச்சாரம். அன்றைக்குக் கொடைக்கானல் மலை முழுக்க மரங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அத்தைக்கு ரிங் போகவில்லை. மறுநாள் விடியற்காலை அப்பாவும் நானும் கிளம்பினோம்.

வண்டி தன் வேலையைச் செய்தது என்று சொல்ல வேண்டும். மலை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து வழியை மூடியிருந்தது. மோட்டார் பைக்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் லாக்கில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், ஊர்ந்து கடந்தேன். அப்பா டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. மூன்றாவது வளைவில் ஒரு சில்வர் ஓக் குறுக்கே கிடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நான் எந்த நிலைக்குத் திருகியும் பிரயோஜனமில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நின்றிருந்தது. ஆறு பேர் அரிவாளும் ரம்பமுமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெட்டிய துண்டுகளைச் சங்கிலி கட்டி ஜீப் இழுத்து ஓரமாகப் போட்டது. மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிற அண்ணன் அவர். என் வண்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஃபோர் வீலா? கொக்கி எங்க இருக்கு? அங்கிட்டிருந்து நீங்க இழுங்க" என்றார். இழுவைக் கொக்கியை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். அவர் என் டயரைப் பார்த்தார். அவருடையது பட்டன் டயர். என்னுடையது தார் ரோட்டுக்கானது, பாதி தேய்ந்தது. "வேணாம் தம்பி, நீங்க ஓரமா நில்லுங்க" என்றார். அதில் நக்கல் எதுவும் இல்லை.

அவருடைய ஜீப்பின் தாத்தாவை மஹிந்திரா 1947இலேயே இங்கே கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. கணினி இல்லை, கப்ளிங் இல்லை. லீவரைத் தள்ளினால் முன்னச்சும் பின்னச்சும் இரும்பால் இறுகிக்கொள்ளும். லோ கியர் தனியாக உண்டு. காய்ந்த தார் ரோட்டில் அப்படியே ஓட்டினால் திருப்பத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சண்டை வந்து ஏதாவது உடையும். அதனால் எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பது ஓட்டுகிறவர் மண்டைக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் அந்த அறிவை மென்பொருள் வைத்திருக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: அது மோசமான அறிவு இல்லை. ஆனால் எந்த மரம் எந்த வளைவில் விழும், யார் வீட்டில் ரம்பம் இருக்கிறது, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்கிற விவரமெல்லாம் அந்த அண்ணனிடம்தான் இருந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு மரத்தைத் தாண்டி, ஜீப்பில் ஏறிப் போனோம். அத்தை வீட்டுக் கூரையில் நாலைந்து ஓடு போயிருந்தது. அத்தை வேலைக்காரர் குடியிருப்பில், பொது அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரியே அவர்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். அப்பா அழுதுவிட்டார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த மழையில உங்கள யாருடா வரச் சொன்னா?"

இறங்கும்போது கடைசி மரத்தையும் எடுத்திருந்தார்கள். இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காத இடம் அது. ஏறுவதற்கு என் வண்டிக்கு நாலு சக்கரம், மற்ற கார்களுக்கு இரண்டு. நிற்பதற்கு எல்லா காருக்கும் நாலுதான். பிரேக் பிடித்தால் மண்ணும் டயரும்தான் பேசிக்கொள்ளும், ஏ.டபிள்யூ.டி.க்கு அந்தப் பேச்சில் பெரிய இடமில்லை. அந்தச் சின்ன முதல் கியர் கொஞ்சம் இழுத்துப்பிடிக்கும், அவ்வளவே. இழுவை தந்த தைரியத்தில் வழுக்கலுக்குள் போய்விட்டு, திரும்பி இறங்கும்போது அதே தைரியத்தை எதிர்பார்ப்பது ஆபத்து. சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மழைநாளில் இறங்கிப் பாருங்கள், புரியும்.

2023 ஜூனில் அத்தை காப்பிக் களத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இரவு எட்டு மணி. எங்களுக்குப் போன் வந்தபோது அத்தை ஏற்கெனவே வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜீப் அண்ணன்தான் கொண்டுவந்திருந்தார். நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து நான்கு வழிச்சாலையும் நல்ல தார் ரோடுமாகப் போய்ச் சேர்ந்தோம், டூ வீலிலேயே. அப்பா அவருக்குப் பணம் கொடுக்கப் பார்த்தார். "டீசலுக்கு மட்டும் குடுங்கண்ணே" என்றார்.

இப்போது வண்டியை விற்கலாமா என்ற பேச்சு. கம்பெனி இந்த மாடலை நிறுத்தியபின் விலை கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, அடிமாட்டு விலை கேட்கிற புரோக்கர். இன்னொரு வகை, கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள். இவர்கள் திருகைத் திருப்பிப் பார்த்துவிட்டு நல்ல விலை சொல்கிறார்கள். 2030 வரை ஆர்.சி. இருக்கிறது. எனக்கு விற்பதில் பெரிய வருத்தம் இல்லை. சமவெளியில் ஓட்ட இதைவிடச் சுகமான புது வண்டிகள் வந்துவிட்டன. அப்பாதான் விடமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால் சஸ்பென்ஷன் என்கிறார், அம்மாவின் இடுப்பு என்கிறார். ஒருநாள் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "வண்டி போச்சுன்னா அக்காவக் கீழ கூட்டிட்டு வரணும்ல."

அத்தை வரமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும். கேட்டால், கீழே வெயில், மேலே காப்பி பழுக்கிறது, யார் பறிப்பது என்பார். கேட்கவேண்டிய கேள்வியை அவரிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை.

போன மாதம் முன்பக்கம் இரண்டு டயர் வெடிப்பு விட்டது. டயர் கடைக்காரர், "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாம் சார், பின்னாடி இன்னும் ஓடும்" என்றார். சாதாரண காருக்கு அது சரியான யோசனை. இதில் நாலும் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டும். புது டயர் பெரிசு, தேய்ந்த டயர் சிறிசு. நேரான ரோட்டிலும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். சக்கரம் வழுக்குகிறது என்று கப்ளிங் நினைத்துக்கொண்டு ஓயாமல் வேலை செய்து சூடாகும். இதை விளக்கினேன். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். ஸ்பார்க் பிளக் மாற்றவே மூன்று கடை விலை கேட்கிற மனிதர் அப்பா. முப்பதாயிரத்துக்கு மேல் பில். ஒரு வார்த்தை பேரம் பேசாமல், "நாலும் போட்டுருங்க" என்றார். பட்டன் டயர் இந்த அளவில் கிடைக்குமா என்றும் விசாரித்தார்.

நாலும் மாட்டி முடிகிறவரை கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை போன் பண்ணினார். சனிக்கிழமை வருவதாக இருந்தால் நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ வாங்கிவரச் சொன்னார். இன்னொரு அரைக்கிலோ ஜீப்காரத் தம்பிக்கு.